வளவு உள்ளா, வெளியா? திரைக்கதைத் தாளை எழுதும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஷூட்டிங் வேன் புதிதல்ல. ஏவி.எம். ஸ்டூடியோவே 1940-களில் சில ஆண்டுகள் காரைக்குடியில் இயங்கி, அதன் பிறகுதான் சென்னைக்குப் போனது. கண்ணதாசனும் பஞ்சு அருணாசலமும் சிறுகூடல்பட்டிக்காரர்கள். சினிமா இந்த மண்ணுக்குத் தூரத்துச் சொந்தமில்லை. ஆனால் இங்கே கதை எழுதி வைத்திருக்கும் இளைஞர்கள் நீட்டும் தாள் பெரும்பாலும் சிறுகதையாகவோ மேடை நாடகமாகவோதான் இருக்கிறது. கதை நன்றாகவே இருக்கும். தாள்தான் திரைக்கதையாக இருக்காது.

சிறுகதையை ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். திரைக்கதையை அப்படிப் படிப்பவர்கள் குறைவு. கேமராமேன், கலை இயக்குநர், காஸ்ட்யூமர், புரொடக்‌ஷன் மேனேஜர், நடிகர், அசிஸ்டென்ட் டைரக்டர் என்று ஒவ்வொருவரும் தன் வேலைக்கு வேண்டியதைத் தேடி அதைப் புரட்டுகிறார்கள். எழுதியவர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் தாள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கே, எப்போது, யார் யார், என்ன பொருள், யார் பேசுகிறார். ஃபார்மட் என்று பயமுறுத்தும் விஷயம் முழுக்க இந்தக் கேள்விகளுக்காக ஏற்பட்டதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

தாளில் வரும் உறுப்புகள் ஐந்து: காட்சித் தலைப்பு, செயல், பேசுபவர் பெயர், அடைப்புக்குறிக்குள் வரும் சிறு குறிப்பு, வசனம். 'கட் டு', 'டிஸால்வ்' போன்ற மாற்றங்கள் ஆறாவது. அதை மறந்தே விடலாம். புதிய தலைப்பு வந்தாலே வெட்டு என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஐந்தில் ஆரம்பக்காரர்கள் மிகவும் அலட்சியமாக எழுதுவது தலைப்பை. மிக அதிகமாகப் பணம் செலவாவதும் அதில்தான்.

தலைப்பு

தலைப்புக்கு மூன்று பகுதி. உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா.

உள். பழனியப்பன் வீடு – வளவு – பகல்

'செட்டிநாட்டு வீடு – பகல்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. திண்ணை, முகப்பு, நடுமுற்றம் உள்ள வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று நீளும் வீடு அது. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். ஒவ்வொரு கட்டிலும் வெளிச்சம் வேறு, சத்தம் வேறு, லைட் கட்டும் முறை வேறு.

திண்ணைக்குக் கூரை இருந்தாலும் அதை 'வெளி' என்றே எழுதுங்கள். தெருச் சத்தம் அங்கே வரும், போகிறவர் வருகிறவர் ஃப்ரேமுக்குள் வருவார்கள், தெருவில் கூட்டத்தை நிறுத்த ஆள் வேண்டும். 'உள்' என்று எழுதிவிட்டால் அந்த ஆளை யாரும் ஏற்பாடு செய்ய மாட்டார்கள். முகப்பு 'உள்'. அதில் குழப்பமில்லை.

குழப்பமெல்லாம் வளவில்தான். நாலு புறமும் தூண் வைத்த நடை, நடுவே திறந்த முற்றம். வீட்டுக்குள் இருக்கிறது, ஆனால் மழை பெய்தால் நனைகிறது. நான் பரிந்துரைப்பது 'உள்' என்று எழுதி, அந்த இடம் முதல் முறை வரும்போது செயல் பகுதியின் முதல் வரியிலேயே 'மேலே திறந்த வானம்' என்று சொல்லிவிடுவது. காரணம் உண்டு. ஷூட்டிங் ஷெட்யூல் போடுகிறவர் 'வெளி' என்று வந்த காட்சிகளையெல்லாம் தெரு, கண்மாய், சந்தை ஆகியவற்றோடு ஒரே கட்டாகச் சேர்த்துவிடுவார். வளவு அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கும் நாட்களோடு போக வேண்டிய காட்சி. அதே நேரம் வானம் திறந்திருப்பது கேமராமேனுக்குத் தெரிந்தாக வேண்டும். உச்சிவேளையில் வெயில் முற்றத்தில் நேராக இறங்கும். காலையில் ஒரு பக்கத்து நடை மட்டும் வெளிச்சமாக இருக்கும், எதிர்ப்பக்கம் இருட்டு. இரவுக் காட்சியைப் பகலில் எடுக்கலாம் என்று நினைத்தால் முற்றத்தின் மேல் முழுக்கக் கறுப்புத் துணி கட்ட வேண்டும், இல்லையென்றால் உண்மையான இரவில்தான் எடுக்க வேண்டும். மழைக் காட்சி என்றால் ஓட்டுக்கு மேலிருந்து தண்ணீர் இறக்க வேண்டும். நூறு வருஷத்து மரத்தூணும் ஆத்தங்குடி டைல்ஸ் தரையும் இருக்கும் வீட்டில் உரிமையாளர் அதற்குச் சம்மதிப்பாரா என்ற கேள்வி அடுத்து வரும். 'வளவு – இரவு – மழை' என்று மூன்று சொல் எழுதும்போது இத்தனையும் எழுதுகிறோம்.

காலத்துக்குப் பகல், இரவு இரண்டே போதும். 'அந்தி' என்ற சொல்லைக் கதைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் எழுதுங்கள். நம் பகுதியில் சூரியன் இறங்கியபின் வானத்தில் அந்த வெளிச்சம் நிற்பது இருபது நிமிஷத்துக்குச் சற்றுக் கூட. மூன்று பக்க வசனத்தை 'அந்தி' என்று எழுதினால் அதை எடுக்க மூன்று நாள் சாயங்காலம் காத்திருக்க வேண்டும். முந்தைய காட்சி முடிந்த கணத்திலேயே அடுத்தது தொடங்கினால் 'தொடர்ச்சி' என்று போடலாம். 'மூன்று நாள் கழித்து' என்று தலைப்பில் எழுதிப் பயனில்லை. பார்வையாளருக்குத் தலைப்பு தெரியாது. காலண்டர், தாடி, காய்ந்துபோன மாவிலைத் தோரணம், ஏதாவது ஒன்றால் திரையில் காட்ட வேண்டும்.

இடத்தின் பெயரைப் பெரியதிலிருந்து சிறியதுக்குப் போகும் வரிசையில் எழுதுங்கள். முதலில் வீடு, பிறகு கட்டு. ஒரு காட்சியில் 'பழனியப்பன் வீடு – வளவு', இன்னொன்றில் 'வளவு, ஆச்சி வீடு', மூன்றாவதில் 'பெரிய வீடு' என்று எழுதினால், சாஃப்ட்வேர் அகரவரிசையில் அடுக்கும்போது ஒரே வீடு மூன்று லொகேஷனாகிவிடும். முதல் காட்சியில் எந்த எழுத்தில் எழுதினீர்களோ, கடைசிக் காட்சி வரை அதே எழுத்து.

ஒருவர் முகப்பிலிருந்து வளவு வழியாக அடுப்படிக்கு நடக்கிறார், கேமராவும் கூடவே போகிறது என்றால் அது ஒரே காட்சி. நடுவே 'வளவில்', 'அடுப்படியில்' என்று தனி வரியாகத் துணைத்தலைப்பு போட்டால் போதும். வெட்டி வெட்டிக் காட்டப்போகிறோம் என்றால் மூன்று தலைப்பு, மூன்று எண். பின்வாசலைத் தாண்டி வெளியே போனால் அது வேறு தெரு என்பதை மறக்க வேண்டாம். முன்தெருவில் நிற்கும் கார் அங்கே இருக்காது.

செயல்

செயல் பகுதி நிகழ்காலத்தில், எழுத்துத் தமிழில் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும். ஒரு பத்தி நாலு வரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படிப்பவர் கண் தானாக வசனத்துக்குத் தாவிவிடும். இது எழுத்தாளரின் திறமையைப் பொறுத்ததல்ல, எல்லோருக்கும் நடப்பது.

வழக்கமாக வரும் எழுத்து இப்படி இருக்கும்:

மெய்யம்மை ஆச்சி ஒரு காலத்தில் நூறு பேர் பந்தியில் சாப்பிட்ட வீட்டை நினைத்து ஏங்குகிறாள். பினாங்கில் இருக்கும் மகன் மூன்று வருஷமாகப் பணம் அனுப்பவில்லை. வேறு வழியில்லாமல், மாமியார் கொடுத்த பாத்திரங்களைக்கூட விற்க முடிவு செய்கிறாள். பழைய பாத்திர வியாபாரி சேகர் வந்து அவசரப்படுத்துகிறான்.

நாலு வாக்கியத்தில் கேமரா முன்னால் வைக்கக்கூடியது கடைசி ஒன்றுதான். ஏக்கம், மூன்று வருஷம், முடிவு எதையும் படம்பிடிக்க முடியாது. நடிகையிடம் 'ஏங்குங்கள்' என்றால் அவர் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அதே காட்சி தாளில் இப்படி இருக்கலாம்:

12. உள். பழனியப்பன் வீடு – வளவு – பகல்

மேலே திறந்த வானம். வெயில் முற்றத்தில் சதுரமாக விழுந்திருக்கிறது. நடை ஓரம் முழுக்கப் பித்தளைச் சாமான்: அண்டா, குடம், தாம்பாளம், தூக்கு.

மெய்யம்மை (68) தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு குடமாகத் திருப்பி, அதில் வெட்டியிருக்கும் பெயரை விரலால் தடவிப் பார்க்கிறாள்.

சேகர் (35) முகப்பு வாசலில் நிற்கிறான். கையில் தராசு. செருப்பைக் கழற்றவில்லை.

                    சேகர்
          ஆச்சி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி
          ஏத்திட்டா நல்லது. வண்டி நிக்குது.

                    மெய்யம்மை
               (நிமிராமல்)
          காபி குடிச்சீகளா தம்பி?

                    சேகர்
          குடிச்சாச்சு ஆச்சி.

மெய்யம்மை சின்னத் தூக்கு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். மற்றவற்றை அவன் பக்கம் நகர்த்துகிறாள்.

                    மெய்யம்மை
          இது போக எடை போடுங்க.

பினாங்கு மகன் இதில் இல்லை. அவன் வர வேண்டிய இடம் வேறு காட்சி. ஒரு போன் அழைப்பாகவோ, மேசை மேல் பிரிக்காமல் கிடக்கும் பேங்க் கடிதமாகவோ வரலாம். எல்லாத் தகவலையும் ஒரே காட்சியில் ஏற்றினால் எதுவும் ஏறாது. செருப்பைக் கழற்றாமல் நிற்பது வியாபாரியின் அவசரத்தையும் மரியாதைக் குறைவையும் ஒரே வரியில் சொல்கிறது, எடுக்கச் செலவும் இல்லை. தராசு, பித்தளைச் சாமான், பெயர் வெட்டிய குடம் ஆகியவை கலைத்துறையின் பட்டியலுக்கு நேராகப் போகும். பெயரை வெட்ட ஆள் தேட வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

'குளோஸ் அப்', 'டாப் ஆங்கிள்', 'கேமரா மெல்ல நகர்கிறது' என்றெல்லாம் எழுதாதீர்கள். ஷாட் பிரிப்பது இயக்குநரின் வேலை. நெருக்கமாகக் காட்ட வேண்டியதைத் தனி வரியாக எழுதினாலே படிப்பவர் மனத்தில் அது நெருக்கமாகத் தெரியும். 'குடத்தில் வெட்டிய பெயர். பாதி தேய்ந்திருக்கிறது.' இப்படி ஒரு தனிப்பத்தி ஒரு ஷாட்டுக்குச் சமம். நீங்களே இயக்கப்போகும் குறும்படமாக இருந்தாலும் ஷாட் பட்டியலைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத் தாளில் ஒரு பாத்திரம் முதன்முறை வரும்போது பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. அதனால் முதல் முறை மட்டும் தடித்த எழுத்து, பக்கத்தில் வயது. அடுத்த முறையிலிருந்து சாதாரண எழுத்து. தலைப்பையும் தடித்த எழுத்தில் வையுங்கள். முக்கியமான சத்தங்களையும் பொருட்களையும் தடிப்பாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. பக்கம் முழுக்கத் தடிப்பானால் எதுவுமே கண்ணில் படாது.

பெயரும் பேச்சும்

தமிழ்த் தாளில் அதிகம் சொதப்புவது பெயர். செட்டிநாட்டுக் குடும்பக் கதை என்றால் இன்னும் மோசம். மகனுக்கு அவர் அப்பச்சி, பேரனுக்கு ஐயா, ஊருக்குப் பழனியப்பச் செட்டியார், கடையில் முதலாளி. எழுதுகிறவர் காட்சிக்குக் காட்சி மாற்றி எழுதிவிடுவார். ஆள் பட்டியல் எடுத்தால் ஒருவரே நாலு பேராக வந்து நிற்பார், நாலு பேருக்கும் காஸ்ட்யூம் கணக்கு ஏறும். வசனத்துக்குள் யார் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். வசனத்தின் மேலே வரும் பெயர் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை 'பழனியப்பன்' என்றே இருக்க வேண்டும். தாத்தா பெயரையே பேரனுக்கு வைப்பது இங்கே வழக்கம். கதையில் இரண்டு பழனியப்பன் இருந்தால் ஒருவரைப் 'பழனி' ஆக்கிவிடுங்கள். மெய்யம்மை, மெய்யப்பன், மெய்யாத்தாள் என்று ஒரே மாதிரி தொடங்கும் மூன்று பெயர்களும் வேண்டாம். வேகமாகப் புரட்டும் கண் முதல் இரண்டு எழுத்தைத்தான் பார்க்கும்.

வசனம் பேச்சுத் தமிழில். வட்டார வழக்கை எவ்வளவு எழுத வேண்டும் என்பதில் என் நிலைப்பாடு இது: வினைமுடிவில் காட்டுங்கள், மற்றதை நடிகருக்கு விடுங்கள். 'வந்தாக', 'சொன்னீக', 'குடிச்சீகளா' என்று எழுதினாலே மெய்யம்மை எந்த ஊர் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் காதில் விழுந்தபடியே உடைத்து எழுதினால், வெளியூர் நடிகர் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டி வரும். அதே பாத்திரம் ஒரு காட்சியில் 'வந்தாக' என்றும் இன்னொன்றில் 'வந்தாங்க' என்றும் பேசினால் டப்பிங்கில் யாரும் கவனிக்காமல் அப்படியே படத்துக்குள் போய்விடும். எழுதும் முன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அரைப் பக்கம் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: யாரை எப்படிக் கூப்பிடுவார், யாருக்கு மரியாதை, யாருக்கு ஒருமை, வினை எப்படி முடியும். சென்னையில் வளர்ந்த பேத்தி 'வந்தாங்க' என்று பேசுவதும், கோபம் வரும்போது மட்டும் 'வந்தாக' என்று மாறுவதும் எழுத்தாளர் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் வரும் அடைப்புக்குறிக் குறிப்பை உப்பு மாதிரி போட வேண்டும். '(கோபமாக)', '(சோகமாக)', '(அதிர்ச்சியுடன்)' என்று வரிக்கு வரி வந்தால் நடிகர்கள் முதலில் செய்வது அதையெல்லாம் பேனாவால் அடிப்பதுதான். வசனத்தைப் படித்தால் தெரியாத ஒன்றுக்கு மட்டும் அது வேண்டும். யாரிடம் பேசுகிறார் என்பதற்கு '(சேகரிடம்)', பேச்சுக்கு எதிராக உடல் செய்வதற்கு '(நிமிராமல்)'.

திரையில் ஆள் தெரியாமல் குரல் வருவதில் இரண்டு வகை. அடுப்படியிலிருந்து ஆச்சி கூப்பிடுகிறாள் என்றால் அவள் அதே வீட்டில் இருக்கிறாள். பெயருக்குப் பக்கத்தில் '(திரைக்கு வெளியே)' என்று எழுதுங்கள். போனில் கேட்கும் குரலும், கதை சொல்லும் குரலும் '(குரல்)'. லைவ் சவுண்ட் படம், அதாவது ஷூட்டிங்கிலேயே குரலைப் பதிவு செய்யும் படம் என்றால் முதல் வகைக்கு அந்த நடிகை அன்று லொகேஷனில் இருக்க வேண்டும். இரண்டாவதைப் பிறகு ஸ்டூடியோவில் பதிவு செய்துகொள்ளலாம். குறி மாறினால் ஒரு நாள் கால்ஷீட் வீணாகும்.

பக்கம் வைப்பது

உலகம் முழுக்கச் சொல்லப்படும் அளவு அமெரிக்க லெட்டர் தாளுக்கானது. கூரியர் எழுத்துரு, 12 புள்ளி (பாயின்ட்), ஒரு அங்குலத்துக்குப் பத்து எழுத்து, ஆறு வரி. இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று ஓரமும் சுமார் ஒரு அங்குலம். வசனம் தாளின் இடது விளிம்பிலிருந்து இரண்டரை அங்குலத்தில் தொடங்கி மூன்றரை அங்குல அகலம். பெயர் 3.7 அங்குலத்தில். இந்த அளவில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம்.

இதை அப்படியே தமிழில் வைத்தால் மூன்று இடத்தில் உடையும். முதலாவது, கூரியரில் தமிழ் எழுத்து இல்லை. கணினி தானாக வேறு எழுத்துருவைப் போடும். அதில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும், ஆகவே அங்குலத்துக்குப் பத்து எழுத்து என்ற கணக்கே போய்விடும். இரண்டாவது, நம் சொற்கள் நீளம். 'சொல்லிக்கொண்டிருந்தபோது' போன்ற ஒரு சொல்லே வசனப் பத்தியில் பாதி வரியை அடைக்கும், வரிகள் பல் விழுந்தது போல் நிற்கும். மூன்றாவது, கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் 12 புள்ளி வரி இடைவெளியில் 'கூ', 'ழீ' எல்லாம் தலை வெட்டுப்படும்.

ஆகவே ஏ4 தாளில் இப்படி வையுங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது உங்கள் கணினியில் இருக்கும் ஏதாவது ஒரு யுனிகோட் எழுத்துரு, 11 அல்லது 12 புள்ளி. வரி இடைவெளியைச் சரியாக 18 புள்ளி என்று நிலைப்படுத்துங்கள். இடது ஓரம் 1.5 அங்குலம், மற்றவை 1 அங்குலம். வசனத்துக்கு அந்த ஓரத்திலிருந்து இடப்பக்கம் 1 அங்குலமும் வலப்பக்கம் 0.75 அங்குலமும் உள்ளே தள்ளினால் நாலு அங்குல அகலம் கிடைக்கும். தமிழுக்கு அதுதான் சரி. பெயருக்கு 2.2 அங்குலம், அடைப்புக்குறிக் குறிப்புக்கு 1.6 அங்குலம். ஒரு பக்கத்தில் சுமார் 38 வரி வரும்.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்தாதீர்கள். ஒரு சொல்லைத் திருத்தினால் பக்கம் முழுக்கக் கலையும். வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ ஐந்து உறுப்புக்கும் ஐந்து ஸ்டைல் (பத்தி அமைப்பு) உருவாக்குங்கள். பெயர் ஸ்டைலில் 'அடுத்த பத்தியோடு சேர்ந்தே இருக்கட்டும்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு ஸ்டைலுக்கும் அதே. இல்லையென்றால் பக்கத்தின் அடியில் பெயர் மட்டும் நிற்கும், வசனம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், தேடவும் முடியாது.

நிமிஷக் கணக்கு

இப்படி வைத்த பக்கம் ஒரு நிமிஷத்துக்குச் சமமா? இருக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தின் அளவை நீங்களே எடுக்க வேண்டும். வசனமும் செயலும் கலந்த பத்துப் பக்கத்தை எடுத்து, இரண்டு பேர் நடிப்பது போலவே வாய்விட்டுப் படியுங்கள். செயல் வரிகளுக்கு உண்மையில் ஆகும் நேரம் காத்திருங்கள். மெய்யம்மை குடத்தைத் திருப்பிப் பெயரைத் தடவுவது தாளில் ஒன்றரை வரி, திரையில் இருபது வினாடி பிடிக்கலாம். பத்துப் பக்கம் 13 நிமிஷம் வந்தால் உங்கள் பக்கம் 1.3 நிமிஷம். 100 பக்கத் தாள் 130 நிமிஷப் படம். எழுத்துருவைப் பெரிதாக்கிக் கணக்கைச் சரிக்கட்டுவதைவிட இந்த எண்ணைப் பெருக்கிக்கொள்வது நல்லது.

பாடலும் சண்டையும் இந்தக் கணக்கில் அடங்காது. 'பாடல் – திருமண ஏற்பாடுகள்' என்பது தாளில் ஒரு வரி, திரையில் நாலு நிமிஷம். ஐந்து பாடல் என்றால் இருபது நிமிஷம் தாளிலேயே தெரியாமல் ஒளிந்திருக்கும். இடைவேளை நடுவில் விழ வேண்டும் என்று பக்க எண்ணைப் பார்த்து வைப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பாடல்கள் பெரும்பாலும் முதல் பாதியில் இருந்தால், பக்கக் கணக்கில் நடு என்று நினைத்த இடம் திரையில் நடுவுக்கு வெகுதூரம் தள்ளிப் போயிருக்கும். பாடலின் தலைப்பிலேயே உத்தேச நிமிஷத்தை எழுதி, அதன் கீழே என்னென்ன நடக்கிறது என்று ஐந்தாறு கணங்களை இடத்தோடு எழுதுங்கள். பாடல் முடியும்போது கதையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றம் எந்தக் கணத்தில் என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

ஷெட்யூல் போடுபவர்கள் பக்கத்தை எட்டாகப் பிரித்து எண்ணுவார்கள். மேலே இருக்கும் பன்னிரண்டாம் காட்சி ஏறக்குறைய முக்கால் பக்கம், அதாவது ஆறு எட்டு. காட்சிகள் மூன்று பக்கத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு முறை நிறுத்தி, ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் அரைப் பக்கம் 'வாங்க, உட்காருங்க, எப்ப வந்தீக' என்று போயிருக்கும். அதை வெட்டிவிடலாம், யாருக்கும் குறை தெரியாது.

எதில் எழுதுவது

விலை கூடிய சாஃப்ட்வேர் முதல் தாளுக்குத் தேவையில்லை. இந்திய மொழிகளை மனத்தில் வைத்தே உருவாக்கிய ஸ்க்ரைட் என்ற சாஃப்ட்வேர் தமிழில் தட்டச்சு செய்ய விடும், காட்சிகளை அட்டை போல் அடுக்கிப் பார்க்கவும் வசதி இருக்கிறது. மொபைலிலேயே எழுதுகிறவர்களுக்குப் பவுண்டன் என்ற எளிய எழுத்து முறை பொருத்தம். எந்தக் குறிப்பேட்டுச் செயலியிலும் எழுதலாம், பிறகு அதைப் புரிந்துகொள்ளும் சாஃப்ட்வேரில் திறந்தால் பக்கமாக வந்து நிற்கும். ஆனால் அது தலைப்பை INT, EXT போன்ற ஆங்கிலத் தொடக்கத்தை வைத்தும், பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்தும்தான் அடையாளம் காண்கிறது. தமிழில் எழுதும்போது நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். தலைப்பு வரியின் முன்னால் ஒரு புள்ளி, பெயரின் முன்னால் @ குறி.

.உள். பழனியப்பன் வீடு – வளவு – பகல்

@சேகர்
ஆச்சி, வண்டி நிக்குது.

பெயருக்கு மேலே ஒரு வெற்று வரி கட்டாயம், பெயருக்கும் வசனத்துக்கும் நடுவே வெற்று வரி கூடாது. இந்தக் குறிகள் இல்லாவிட்டால் செயலியைப் பொறுத்து இரண்டு விதமாகத் தப்பு வரும். பெயரெல்லாம் செயல் வரியாகிவிடும், அல்லது செயல் வரிகள் பெயராகி நடுப்பக்கத்துக்கு ஓடிவிடும். இரண்டாவது நடந்தால் அந்தச் செயல் வரியின் முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் சரியாகும்.

தமிழ் சினிமாவில் நெடுங்காலமாக இருக்கும் இரண்டு பத்தித் தாளையும் சொல்ல வேண்டும். நடுவில் கோடு, இடது பக்கம் செயல், வலது பக்கம் வசனம். இன்றும் பல இயக்குநர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். செட்டில் வசனம் சொல்லிக்கொடுக்கும் அசிஸ்டென்டுக்கு வலது பத்தி மட்டும் போதும் என்பதால் அது பிழைத்திருக்கிறது. நிமிஷக் கணக்கு இதில் எடுக்க முடியாது, ஒரு பக்கம் காலியாகவே ஓடும். ஆனால் அந்தக் காலி இடமே ஒரு சோதனை. எழுதி முடித்த காட்சிகளில் நாலைந்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். இடது பத்தி தொடர்ந்து வெறுமையாக இருந்தால் நீங்கள் எழுதியிருப்பது வானொலி நாடகம். எந்த முறை வேண்டும் என்று கேட்டுவிட்டு அனுப்புவதே மரியாதை.

காட்சி எண்களை எழுதும் காலத்தில் போட வேண்டாம், அல்லது போட்டாலும் நம்ப வேண்டாம். ஷெட்யூல் வேலை தொடங்கும் நாளில் எண்களைப் பூட்டுங்கள். அதன் பிறகு 24-க்கும் 25-க்கும் நடுவே புதிய காட்சி வந்தால் அது 24அ. 31-ஐ எடுத்துவிட்டால் '31 – நீக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கட்டும். எண்ணை மாற்றி வரிசைப்படுத்தினால், பழைய எண்ணை வைத்து காஸ்ட்யூம் பட்டியல் எழுதியவரும் புதிய எண்ணை வைத்து லொகேஷன் பேசியவரும் வெவ்வேறு காட்சிக்குத் தயாராகி வருவார்கள். மாற்றிய பக்கங்களை மட்டும் வேறு நிறத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பது பழைய வழக்கம், இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. ஃபைலின் பெயரில் தேதியை எழுதுங்கள். 'இறுதி', 'இறுதி புதிது', 'கடைசி இறுதி' என்ற பெயர்கள் வேண்டாம்.

பி.டி.எஃப். ஆக்கும்போது எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதை வேறொருவர் மொபைலில் திறந்து, 'கொ', 'ணை', 'க்ஷ' மூன்றும் உடையாமல் நிற்கின்றனவா என்று சோதியுங்கள். முதல் பக்கத்தில் தலைப்பு, எழுதியவர் பெயர், தொடர்பு எண், தேதி. படமோ அலங்காரமோ வேண்டாம். அடுத்த பக்கத்தின் வலது மேல் மூலையில் பக்க எண் தொடங்கட்டும்.